வலது பக்கம் திறந்த எட்டு

மலைக்கு மேலே ஒரு வருடத்துச் சூரியன்கள் எட்டு வடிவில் நிற்கிற படம் ஒன்றைப் போன மாதம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்ட கேள்வி இரண்டுதான். இது கொம்பியூட்டரில் செய்ததா? எட்டு ஏன் வலது பக்கம் மூடாமல் நிற்கிறது? தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

கொம்பியூட்டரில் செய்ததல்ல. 35 மில்லிமீற்றர் ஃபிலிமில் ஒரே ஒரு பிரேம். கமராவை ஒரு வருடம் அசையவிடாமல் வைத்து, சரியாகக் காலை 8.00 மணிக்கு, வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அதே பிரேமின் மேலேயே திரும்பத் திரும்பச் சூரியனை எடுத்தால் இப்படி வரும். சூரியன் எல்லா நாளும் எட்டு மணிக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. வருடம் முழுக்க அது நகர்ந்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு எட்டு. வானியல்காரர்கள் இதை அனலெம்மா என்பார்கள்.

எட்டின் நீளத்துக்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பூமி 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. ஆறு மாதம் சூரியன் வடக்கே போகும், ஆறு மாதம் தெற்கே வரும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கிட்டத்தட்ட 47 பாகை. அகலம் வருவது கடிகாரத்தால். பூமி சுற்றும் பாதை சரியான வட்டமில்லை. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்குக் கிட்டப் போய் வேகமாக ஓடுகிறது, ஜூலை தொடக்கத்தில் தள்ளிப்போய் மெதுவாகிறது. இதோடு அந்தச் சாய்வும் சேர்ந்துகொள்ள, சூரியனுக்கும் நம் கைக்கடிகாரத்துக்கும் ஒத்துப்போவதே இல்லை. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடம் முந்தி நிற்கும், பெப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தி நிற்கும். கடிகாரம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி எட்டு மணி என்று காட்டும்.

நான் இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகியவன். அடையாள அட்டைப் படம், கல்யாணம், சடங்கு, சாவு வீடு எல்லாம் எடுத்தாயிற்று. இப்போது ஹாலிஎலவில் போட்டோகொப்பி, ரீலோட் கடை. அந்தக் காலத்துக் கல்யாண அல்பங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரோஜாப் பூவுக்குள் மணமகள் சிரித்துக்கொண்டிருப்பார், கோயில் கோபுரத்துக்கு மேலே வானத்தில் மாப்பிள்ளை முகம் மிதக்கும். அதெல்லாம் ஒரே பிரேமில் இரண்டு தரம் எடுத்தது. ஒரு பாதியைக் கறுப்பு மட்டையால் மறைத்து ஒரு தரம், மறு பாதியை மறைத்து இன்னொரு தரம். நிக்கோன் எஃப்எம்2 கமராவில் அதற்கென்றே வைண்ட் நெம்புக்குக் கிட்ட ஒரு குட்டி நெம்பு உண்டு. அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வைண்ட் பண்ணினால் ஷட்டர் மட்டும் ஏறும், ஃபிலிம் நகராது. அந்த நெம்பை என் விரல் எத்தனையோ கல்யாணத்தில் தேய்த்திருக்கிறது. ஸ்டூடியோவை மூடும்போது முதலாளி ஐயா அந்தக் கமராவை எனக்கே தந்துவிட்டார்.

சூரியனை எடுக்க அதைவிடத் தோதான கமரா என் கைக்கு எட்டிய தூரத்தில் இல்லை. எஃப்எம்2 1982இல் வந்தது. ஷட்டர் முழுக்க இயந்திரம்தான்; பற்றரி வெளிச்சம் அளக்க மட்டும். பற்றரி செத்தாலும் ஷட்டர் சாகாது. ஒரு வருடம் பெட்டிக்குள் கிடக்கப்போகிற கமராவுக்கு இது பெரிய விஷயம். இரண்டு கமரா உத்திகள் வேறு உண்டு. பழைய லுபிடெல் மாதிரிக் கமராக்களில் ஷட்டரை ஏற்றுவதும் ஃபிலிம் சுற்றுவதும் தனித்தனி வேலை, எத்தனை தரம் வேண்டுமானாலும் அதே பிரேமில் அமுக்கலாம். அந்த நெம்பு இல்லாத கமராக்களில் கீழே உள்ள ரீவைண்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு வைண்ட் பண்ணுவார்கள். கல்யாணத்துக்கு அது போதும். ஒரு வருடத்துக்கு நான் நம்பமாட்டேன், ஒவ்வொரு தரமும் ஃபிலிம் ஒரு மயிரிழை நகரும்.

இதை முதலில் ஒரே ஃபிலிம் பிரேமில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் டெனிஸ் டி சிக்கோ. 1978-79இல், மாசசூசெட்ஸில் இருந்து, 44 சூரியன். என்னிடம் அந்தப் படத்தின் போட்டோகொப்பி ஒன்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் எட்டு நெட்டாகச் சாய்ந்து நிற்கும். நான் நம் ஊர் எட்டும் அப்படித்தான் வரும் என்று நினைக்கவில்லை, ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குக் கிட்ட. இங்கே சூரியன் காலையில் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது. கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு இடது கைப்பக்கம், தெற்கு வலது கைப்பக்கம். ஆகவே எட்டு படுத்துக்கிடக்கும். இடது பக்கம் ஜூன் மாதத்துச் சின்ன வளையம், வலது பக்கம் டிசம்பர் மாதத்துப் பெரிய வளையம். முந்தி வருகிற நவம்பர் சூரியன் பெரிய வளையத்தின் மேல் விளிம்பில், பிந்தி வருகிற பெப்ரவரி சூரியன் கீழ் விளிம்பில்.

ஏன் நண்பகலில் எடுக்கவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நண்பகலில் நம் சூரியன் தலைக்கு மேலே நிற்கிறது. ஏப்ரல் 7 அளவில் ஒரு தரம், செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு தரம் உச்சந்தலைக்கே வந்துவிடும், கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது. கமராவை மல்லாக்கப் படுக்கவைத்தால் எட்டு கிடைக்கும், ஆனால் மலை கிடைக்காது. மலை இல்லாவிட்டால் இந்தப் படத்தை நான் ஹாலிஎலவில் எடுத்தேன் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு நமுனுகுல வேண்டும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்காக, வலது பக்கத்தில், 2,000 மீற்றருக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது.

ஏழு மணி என்றால் சூரியன் மலையை ஒட்டி, பள்ளத்தாக்கு மூடுபனிக்குள். ஒன்பது மணி என்றால் 28 மில்லிமீற்றர் லென்ஸுக்கும் எட்டாத உயரம். எட்டு மணிக்கு டிசம்பரில் 23 பாகை அளவில், ஜூனில் 29 அளவில் நிற்கும், மலையும் சூரியனும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். 28 மில்லிமீற்றர் லென்ஸ் அகலவாக்கில் 65 பாகை பார்க்கும். 50 மில்லிமீற்றரில் 40கூட இல்லை, 47 பாகை எட்டு அதற்குள் கொள்ளாது. வீட்டில் 50 மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

சூரியனை எடுக்க லென்ஸுக்கு முன்னால் போடுகிற கறுப்புக் கண்ணாடிக்கு வருவோம். 2019 டிசம்பர் 26 அன்று யாழ்ப்பாணப் பக்கம் கங்கண சூரிய கிரகணம், நமக்குப் பாதிக் கிரகணம். அதைப் பார்க்க ஹார்ட்வெயார் கடையில் 14ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி வாங்கியிருந்தேன். அதையே கமராவுக்கும் போட்டேன். 14ஆம் நம்பர் வெளிச்சத்தை மூன்றரை லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கிறது. பச்சையாகத் தெரியும், கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அது ஒரு பொருட்டில்லை. கடையில் 10, 11 நம்பர்தான் சாதாரணமாகக் கிடைக்கும், "இதுவும் கறுப்புத்தானே" என்று தருவார்கள். வாங்காதீர்கள். கண் போய்விடும். எக்ஸ்ரே ஃபிலிம், பழைய நெகட்டிவ் இதெல்லாம் வைத்துச் சூரியனைப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைப்பதாக இருந்தால் லென்ஸுக்கு முன்னால் 14 இருக்கிறதா என்று முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

வேறொரு ரோலில் சோதித்துப் பார்த்து லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு என்று முடிவுசெய்தேன். இவ்வளவு கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வானம் ஃபிலிமில் பதிவதே இல்லை, சூரிய வட்டம் மட்டும். அதனால்தான் அத்தனை தரம் அமுக்கியும் பிரேம் வெளுத்துப்போகவில்லை. மலையையும் வானத்தையும் ஒரே ஒரு தரம், கண்ணாடி இல்லாமல், அதே பிரேமில் தனியாக எடுக்க வேண்டும். ஜூலையில் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வானத்தைத் துடைத்துவைத்திருந்த ஒரு மாலை, நாலரை மணிக்கு எடுத்தேன். சூரியன் என் முதுகுப் பக்கம், நமுனுகுலவின் முகத்தில் வெயில். சிவப்பு ஃபில்டர் போட்டு நீல வானத்தைக் கறுப்பாக்கி, அளவைவிட இரண்டு ஸ்டொப் குறைத்து, அதாவது கால் பங்கு வெளிச்சத்தில், எடுத்தேன். வானம் வெளுத்துவிட்டால் சூரியன்கள் அதற்குள் கரைந்துவிடும்.

ஃபிலிம் இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ். மெதுவான ஃபிலிம் நல்லது என்று சிலர் பான் எஃப் பிளஸைச் சொன்னார்கள். மற்ற வேலைக்கு அது தங்கம், இதற்கு ஆகாது. எடுத்த படத்தைக் கழுவாமல் வைத்திருந்தால் அதில் படம் மங்கிக்கொண்டே போகும். மூன்று மாதத்துக்குள் கழுவிவிடுங்கள் என்று இல்ஃபோர்டே சொல்கிறது. நாம் வைக்கப்போவது ஒரு வருடம். எஃப்பி4 பொறுமைசாலி.

கமரா இருந்தது தண்ணீர்த் தாங்கியின் கொங்கிரீட் தூணில். மரத்தூண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும், அதை நம்பி ஒரு வருடம் ஒப்படைக்க முடியாது. இரும்புப் பட்டையைத் தூணில் போல்ட் அடித்து, கமராவை அதில் முடுக்கி, மேலே பிளைவுட் பெட்டி. முன்பக்கம் கதவு. ரீவைண்ட் குமிழைத் தொய்வில்லாமல் சுற்றி டேப் ஒட்டினேன். போக்கஸ் வளையத்துக்கும் டேப், எஃப் வளையத்துக்கும் டேப். உள்ளே சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். நம் மலையில் லென்ஸுக்குப் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஒரு தரம் கதவைத் திறந்தபோது ஷட்டர் பொத்தானுக்கும் வைண்ட் நெம்புக்கும் நடுவில் மண் குளவி கூடு கட்டியிருந்தது. ஈரம் காயாத சாம்பல் மண், பெருவிரல் நகத்தளவு குழாய், வாய் இன்னும் அடைக்கவில்லை. சுரண்டினால் கமரா அசையும். ஈர்க்குச்சியால் பொடிப்பொடியாக உதிர்த்து எடுப்பதற்குள் எட்டு மணி தாண்டிவிட்டது. அன்றைய சூரியன் குளவிக்குப் போயிற்று.

மற்றபடி வேலை ஒரு நிமிடம்கூட இல்லை. ஏழு ஐம்பத்தைந்துக்கு மாடிக்குப் போவேன். போனில் நேரம் பார்த்து, குட்டி நெம்பை ஒதுக்கி, வைண்ட் பண்ணி, கேபிளை அமுக்கி, மூடியைப் போட்டு, குறிப்புப் புத்தகத்தில் தேதி. நான் கொழும்புக்குப் போன நாட்களில் மனைவி அமுக்கினார். கீழே பாதையில் கொழுந்துக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா மேலே பார்த்து, "என்னா தம்பி, நேத்து எடுத்த சூரியன்தானே இன்னைக்கும்?" என்பார். "இல்லக்கா, கொஞ்சம் தள்ளி நிக்குது" என்பேன். பிற்பாடு அவரே, "இன்னைக்கு நல்லா தெளிவா இருக்கு, விட்டுறாத" என்று குரல் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

வாரம் ஒன்று என்று சொன்னேனே, அது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் சூரியன் ஒரு வாரத்தில் தன் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு ஓடிவிடும். ஜூன் 21ஐ ஒட்டி அதே ஒரு வாரத்தில் தன் அகலம்கூட நகராது, வாரம் ஒன்று எடுத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அங்கே பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒன்று போதும். டிசம்பர் திருப்பத்தில் இந்தத் தொல்லை இல்லை, அப்போது சூரியன் தெற்கு வடக்கில் நின்றுவிட்டாலும் கடிகாரக் கணக்கில் நாளுக்கு அரை நிமிடம் பிந்திக்கொண்டிருக்கும். அதனால் வாரம் ஒன்று எடுத்தாலும் தனித்தனியாக விழும்.

விழும் என்றுதான் கணக்கு. எனக்கு விழவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

பதுளை, ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாவில் கொட்டும். மலைத்தொடரைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது அது வெறும் காற்று. ஓலை பறக்கும், தூசி பறக்கும், வானம் திறந்துகிடக்கும். என் படத்தில் இடது வளையம் அவ்வளவு ஒழுங்காக, இடைவெளி பிசகாமல் இருப்பது அதனால்தான். அந்த மாதங்களில் எந்த நாள் எடுக்கலாம் என்று நானே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒக்டோபரில் மத்தியானத்துக்கு மேலேதான் இடி மழை, காலையில் சூரியன் வந்துவிடும். நவம்பர் நடுவில் வடகீழ் மழை தொடங்கியதும் கதை முடிந்தது. இடையில் ஒரு காலை எட்டு மணிக்குச் சரியாக மேகம் கிழிந்தது, மாடிக்கு ஓடினேன், நெம்பை ஒதுக்குவதற்குள் மூடிக்கொண்டது. மண்சரிவு எச்சரிக்கை வருகிற காலத்தில் சூரியனைப் பற்றிப் பேசுவதே வீட்டில் ஒரு மாதிரியாக இருந்தது. மேலே தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கும் என் தங்கை குடும்பம் சில இரவுகள் எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். தங்கை பிள்ளைகள் காலையில் மாடிக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, "மாமா, கமரா நித்திரையா?" என்றார்கள்.

தைப்பொங்கலன்று கொஞ்சம் வெளுத்தது. அன்றைக்கு ஒரு சூரியன் கிடைத்தது, பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் மேலே போய் அமுக்கிவிட்டு வந்தேன். பஞ்சாங்கத்துக்கு உத்தராயணம் அன்றைக்குத்தான் தொடக்கம் என்றாலும் வானத்தில் சூரியன் டிசம்பர் 21, 22லேயே திரும்பிவிட்டது. என் பிரேமில் பொங்கல் சூரியன் தெற்குக் கோடியிலிருந்து இரண்டு பாகை இடது பக்கம் வந்துவிட்ட சூரியன். அதாவது தன் அகலத்தைப்போல் நாலு மடங்கு. அந்தக் கோடிதான் இல்லாமல் போயிற்று. மேல் விளிம்பில் நவம்பர் சூரியன் ஒன்று, கீழ் விளிம்பில் பொங்கல் சூரியன் ஒன்று, நடுவில் நமுனுகுலவின் உச்சிக்கு மேலே வெறும் கறுப்பு.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவல்ல. எட்டின் இடுப்பு. இரண்டு வளையமும் வெட்டிக்கொள்கிற அந்தப் புள்ளிக்குச் சூரியன் வருடத்தில் இரண்டு தரம் வருகிறது: ஏப்ரல் 14 அளவில் ஒரு தரம், ஆகஸ்ட் கடைசியில் ஒரு தரம். ஏப்ரல் 14 என்றால் சித்திரைப் புத்தாண்டு. புத்தாண்டுக் காலை மருத்துநீர் வைத்துத் தலை முழுகிவிட்டு, ஈரத் தலையோடு மாடிக்குப் போய் அமுக்கினேன். ஆகஸ்ட் கடைசியில் அதே இடத்தில் இன்னொரு சூரியன் விழுந்தது. நெகட்டிவில் அந்த ஒரு புள்ளி மட்டும் மற்றதைவிடக் கறுப்பு. இதை நான் திட்டமிட்டுத்தான் செய்தேன், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடிகாரத்தை மாற்றாத நாட்டில் இருப்பது இந்த வேலைக்கு வசதி. நமக்கும் ஒரு காலம் இருந்தது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் அரை மணி நேரம் பின்னுக்கு இழுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பினோம். "பழைய நேரமா புது நேரமா" என்று கேட்டுத்தான் கல்யாண ஓடர் எழுதுவோம். அந்த 1996இல் யாராவது எட்டு எடுக்கத் தொடங்கியிருந்தால் சூரியனைப் பார்த்து நேரத்தைத் தாங்களே கூட்டிக் கழித்திருக்க வேண்டும்.

வருடம் முடிந்ததும் குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டி, ரோலை நானே கழுவினேன். கடைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. முன்பொரு தரம் வேறொரு ரோலைக் கொழும்பில் ஒரு லாப்பில் கொடுத்து, நடு பிரேமில் வெட்டித் தந்தார்கள். ஃபிக்ஸரிலிருந்து எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. சூரியன் ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர்தான். பூதக்கண்ணாடியை வைத்ததும் வரிசையாகத் தெரிந்தன. விளிம்பு கூர்மையாக, வட்டமாக. ஓரிடத்தில் மட்டும் ஒரு சூரியன் மங்கலாக, மெல்லிய மேகத்துக்குள் எடுத்தது. எந்தத் தேதி என்று குறிப்புப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வேன், அன்றைக்கு மனைவிதான் அமுக்கினார், "மேகம் இருந்தாலும் தெரியுதுதானே" என்று.

என் அண்ணன் மகன் கிராஃபிக் வேலை தெரிந்தவன். "சித்தப்பா, அந்த டிசம்பர் ஓட்டையை அஞ்சு நிமிஷத்துல நிரப்பித் தாறேன், எங்க எங்க விழணும்னு கணக்கு இருக்குதானே?" என்றான். கணக்கு இருக்கிறது, துல்லியமாகச் சொல்லலாம். இன்று டிஜிட்டலில் ஐம்பது படத்தை எடுத்து அடுக்குகிறவர்கள் நல்ல வேலைதான் செய்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் எடுத்த படத்தில் வடகீழ் மழையும் இருக்கிறது. அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் நான் பார்க்காத சூரியனை ஒட்டச் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. அவனுக்கு விளங்கவில்லை, பரவாயில்லை.

இனி மஸ்கெலியா. அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலவையாளராக இருக்கும் நண்பர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தானும் தொடங்குகிறேன் என்றார். அவருக்கு நடக்கப்போவது இதன் மறுபக்கம்: ஜனவரி முதல் மார்ச் வரை பளிங்கு வானம், ஜூனில் சின்ன வளையம் முழுக்கப் போய்விடும். அவருடைய கமரா லுபிடெல். அதன் ஃபிலிம் என்னுடையதைவிடப் பெரியது, ஆனாலும் அதன் 75 மில்லிமீற்றர் லென்ஸ் அகலவாக்கில் 41 பாகைதான் பார்க்கும், மூலைக்கு மூலை 55. ஆகவே கமராவைச் சாய்த்துத்தான் பூட்ட வேண்டும், எட்டு மூலைக்கு மூலை கிடக்கும், மலையும் சரிந்து நிற்கும். அதைப் பெரிதாக்கும்போது நிமிர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். 14ஆம் நம்பர் கண்ணாடி அவருக்கு ஹட்டனில் கிடைக்கவில்லையாம். பதுளையில் ஒரு கடையில் இன்னும் இருக்கிறது, வருகிற வாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.